பாம்பன் பாலம்: ஊர் தானாக எடுத்துக்கொண்ட பூங்கா

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடு உச்சிக்குப் போய்ப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து பைக்கில் வந்த புதுமணத் தம்பதி, திருப்பூரிலிருந்து வேன் பிடித்து வந்த பெரிய குடும்பம், தங்கச்சிமடத்துப் பையன்கள், கோயிலுக்கு வந்த வடநாட்டு யாத்திரிகர்கள், எல்லாரும் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி நிற்பார்கள். ஒரு பாட்டி பேரனைத் தூக்கிப் பிடித்து, "அங்க பாரு, படகு" என்று காட்டுவார். வேர்க்கடலைப் பொட்டலம் கைமாறும். சேலை முந்தானையைக் காற்று பிடுங்கும். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். ஒரு நல்ல பூங்காவில் சாயங்காலம் என்னென்ன நடக்குமோ அத்தனையும் இங்கே நடக்கிறது. பெஞ்சும் மர நிழலும்தான் இல்லை. இருக்கவும் முடியாது. இது தேசிய நெடுஞ்சாலை; இரண்டு திசையிலும் வண்டி ஓடுகிற இடம்.

நான் பாம்பன்காரன். இந்தப் பாலம் திறந்தபோது எனக்கு ஏழு வயது. கடந்து போவதற்காகக் கட்டிய பாலம் எப்படி நின்று பார்க்கிற இடமாக மாறியது, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன கஷ்டம் வந்தது என்று எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பக்கத்தில் இருக்கும் பழைய ரயில் பாலத்தைக் கழற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்த பிறகு இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

ரயில் மட்டுமே வழியாக இருந்த காலம்

நிலப்பக்கத்து மண்டபம் ஊருக்கும் எங்கள் ராமேஸ்வரம் தீவுக்கும் நடுவில் இருக்கிற கடலின் அகலம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டர்தான் எங்கள் தலையெழுத்தை எழுதியது. 1914 பிப்ரவரி 24 அன்று ரயில் பாலம் திறந்தார்கள். 2,065 மீட்டர் நீளம், தூணுக்கும் தூணுக்கும் இடையே 145 கண்கள். கப்பல் போவதற்காக ஒரு கண் மட்டும் நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும். அந்த அமைப்பை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் பெயரால் அதற்கு ஷெர்சர் ஸ்பான் என்று பெயர். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தூக்குப்பாலம், அவ்வளவுதான்.

சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மறுபடி கொழும்புக்கு ரயில். போட் மெயில் என்று அதற்குப் பேர். பாம்பன் அப்போது ஜங்ஷன்: ஒரு தடம் தனுஷ்கோடிக்கும் இன்னொன்று ராமேஸ்வரத்துக்கும் இங்கேதான் பிரிந்தது. இன்றைக்கு எங்கள் ஸ்டேஷனைப் பார்க்கிறவர்களுக்கு அதை நம்புவது கஷ்டம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் அந்தக் கதையை முடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பயணிகள் ரயில், நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போனது, ஒருவரும் திரும்பவில்லை. பாலத்தில் 126 கண்களின் கர்டர்களை, அதாவது தூண்களுக்கு மேல் கிடந்த இரும்பு உத்திரங்களை, கடல் கொண்டுபோனது. தூக்குப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது. ஈ. ஸ்ரீதரன் தலைமையில் வந்தவர்கள் கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் ரயிலை மறுபடி ஓட வைத்தார்கள். தனுஷ்கோடியை மட்டும் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

அதற்குப் பிறகும் இருபத்துநாலு வருஷம் பஸ் மண்டபத்தோடு நின்றுவிடும். 1974இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய ரோட்டுப் பாலத்தை 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். தாயார் பெயரையே பாலத்துக்கு வைத்தார்கள். கீழே படகும் கப்பலும் போக வேண்டும் என்பதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் மையமே அந்த உயரம்தான். தட்டையாகக் கட்டியிருந்தால் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். மலையில்லாத, மாடிக்கட்டடம் அதிகம் இல்லாத எங்கள் பக்கத்தில் சாதாரண மனுஷன் காசு கொடுக்காமல் உயரத்தில் நின்று பார்க்கக் கிடைத்த இடம் அது.

மேலே நின்றால் என்ன தெரிகிறது

வண்டியில் போகும்போது இணைப்பு இரும்புகள் டக், டக் என்று டயருக்கு அடியில் தட்டிக்கொண்டே வரும். நடு உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கினால் அந்தச் சத்தம் போய்க் காற்று மட்டும் காதில் இருக்கும்.

வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. இங்கே வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்கே பார்த்தால் இந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரியும்: தூணில் அலை மோதி நுரை தெறிக்கும், அதே நேரம் வடக்கே தட்டில் ஊற்றி வைத்த மாதிரி தண்ணீர் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழ். வடக்கு கொந்தளிக்கும், தெற்கு ஓய்வெடுக்கும். பாலத்துக்கு அடியில் ஓடுகிற நீரோட்டமும் காற்றோடு சேர்ந்து திசை மாற்றிக்கொள்ளும். இரண்டு கடல் ஒன்றுக்குள் ஒன்று போவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. யாரும் அவர்களுக்குச் சொல்வதும் இல்லை.

ஒரு நாள் காலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வத்தை தெற்கிலிருந்து வடக்கே வந்தது. மூன்று பேர். ஒருவர் எஞ்சினைப் பிடித்திருந்தார், ஒருவர் வலையை மடித்துக்கொண்டிருந்தார், மூன்றாவது ஆள் முன் அணியத்தில் நின்று ஒற்றைக் கையால் தூண் இருக்கும் பக்கத்தைக் காட்டிக்கொண்டே வந்தார். தண்ணீர் எதிர்த்து இழுத்தது. தூண்களுக்கு நடுவில் வந்ததும் எஞ்சின் சத்தம் கனத்தது, படகு ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது, பிறகு இஞ்ச் இஞ்சாக நகர்ந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. மேலே நின்றிருந்த நாலைந்து பேர் தானாகக் கை தட்டினார்கள். முன்னால் நின்றவர் நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தினார். பூங்கா என்றால் இதைவிட வேறு என்ன வேண்டும்?

சரி, ரயிலுக்கு வருவோம். பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போவதைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் வண்டியை நிறுத்தினார்கள். தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, பக்கச் சுவரே இல்லாமல், கடல் மேல் மிதந்து போகிற மாதிரி போகும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் கரையிலேயே காத்துக் கிடக்கும். 2007இல் அதை அகலப்பாதையாக மாற்றினார்கள். துரு விடவில்லை. 2022 டிசம்பரில் ரயில் நின்றது. இரண்டு வருஷத்துக்கு மேல் எல்லாரும் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தோம். 2025 ஏப்ரல் 6 அன்று, ராம நவமி நாளில், பிரதமர் மோடி புதுப் பாலத்தைத் திறந்து வைத்தார். இதில் நடுக்கண் பிரிவதில்லை, 72.5 மீட்டர் நீளமான முழுக்கண்ணும் லிப்ட் மாதிரி 17 மீட்டர் நேராக மேலே ஏறுகிறது. அது ஏறுகிற நாளில் ரோட்டுப் பாலத்தில் கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பெயருள்ள பூங்கா கீழே இருக்கிறது

பாலத்தில் நின்று தெற்கே பார்த்தால் தாழ்வாக, பச்சையாக ஒரு கோடு தெரியும். குருசடைத் தீவு. 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் ஒன்று. தூத்துக்குடி வரை போகிற அந்தப் பூங்காவின் வடகோடி இதுதான். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது: பேலனோகிளாசஸ் என்ற புழுவைப் பற்றிப் படிக்கும்போது கட்டாயம் குருசடை வரும். பவளப் பாறை, கடல் புல், கடல் அட்டை, கடல் பசு என்று அத்தனை உயிரும் ஒண்டியிருக்கிற இடம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், 21இல் இரண்டு தீவு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது.

ஆக, அரசாணையில் பூங்கா என்று பெயர் உள்ளதைப் பார்த்துக்கொண்டே, பெயரில்லாத பூங்காவில் ஜனங்கள் நிற்கிறார்கள். பாலத்தில் எங்காவது ஒரு பலகை வைத்து "எதிரே தெரிவது இது" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் எங்கள் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுத்தார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து பாசியைக் கிள்ளி இடுப்பில் கட்டிய பையில் போடுவார்கள். ஆய்வகத்திலும் இனிப்புக் கடையிலும் உறைய வைக்கிற அகர் இதில் முதல் இரண்டு பாசியிலிருந்துதான் வருகிறது. பூங்கா அறிவிப்புக்குப் பிறகு தீவுக் கரையில் கால் வைக்கக்கூடாது என்றாகி, அந்தப் பெண்கள் பிழைப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். கடலைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடலின் ஒவ்வொரு பாறையையும் கை தடவித் தெரிந்து வைத்திருக்கிறவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்குப் புரிந்ததில்லை.

பாலத்தின் இரண்டு முனையும்

வந்தவர்கள் பாம்பனை மேலிருந்து பார்த்துவிட்டு நேரே ராமேஸ்வரம் போய்விடுகிறார்கள். கீழே இருக்கிற ஊருக்குள் இறங்குவதில்லை. ஒரு நாட்டுப்படகு அண்ணனிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"மேல நிக்கிறவங்க எல்லாம் எங்களுக்குக் கை காட்டுறாங்க தம்பி. நாங்களும் காட்டுறோம். ஆனா கீழ எறங்கி வந்து ஒரு ஆளு ஒரு டீ குடிச்சதில்ல."

"எறங்குற வழி எங்கன்னு அவங்களுக்குத் தெரியாதுண்ணே."

"ஒரு அம்பு போட்டு எழுதி வச்சா தெரிஞ்சிட்டுப் போகுது."

இறங்கினால் என்ன இருக்கிறது? புயல் சமயத்தில் தமிழ்நாடே கேட்கிற ஒரு வரி உண்டு: "பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." அந்தக் கூண்டு ஏறுகிற கம்பம் இங்கேதான் இருக்கிறது. ரேடியோவிலும் டிவியிலும் வாழ்நாள் பூராவும் அந்த வரியைக் கேட்டவர்கள், அதைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. கலங்கரை விளக்கம் இருக்கிறது. விடியக் காலையில் படகு அணையும்போது கரையிலேயே ஏலம் நடக்கும். சூடை, நகரை, கணவாய், நண்டு என்று கூறு போட்டு வைத்திருப்பார்கள். அந்த நேரத்து வெளிச்சமும் சத்தமும் எந்த மியூசியத்திலும் கிடைக்காது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வந்தால் நாட்டுப்படகு மீன்தான், ஆனால் அதுதான் ருசி.

ஊருக்குத் தெற்கே குந்துகால். சிகாகோ போய்விட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்து இந்தியக் கரையில் கால் வைத்த இடம். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது, கடல் இருக்கிறது, கூட்டம் இல்லை. குருசடைக்கு வனத்துறை படகு விடுவதும் அங்கிருந்துதான்.

பாம்பனைத் தாண்டினால் அக்காள்மடம், தங்கச்சிமடம். மல்லிகை நாற்று வாங்கத் தங்கச்சிமடத்துக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வரும். உப்புக் காற்றுக்கு நடுவில் மணலில் மல்லிகை துளிர்த்து நிற்பதைப் பார்க்கவே ஒரு தடவை வண்டியை நிறுத்தலாம். அப்புறம் பேய்க்கரும்பு. அப்துல் கலாம் ஐயாவை 2015 ஜூலை 30 அன்று அங்கே அடக்கம் செய்தார்கள். இரண்டு வருஷம் கழித்து நினைவகம் திறந்தது. தீவில் முறையாகத் திட்டமிட்டு வளர்த்த தோட்டம் என்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது வணங்கிவிட்டு வெளியே வருகிற இடம். சாயங்காலம் காற்று வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க யாரும் அங்கே போவதில்லை, போகவும் கூடாது.

பாலத்தின் மறு முனையில் மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஆரம்ப காலத்தில் பல வருஷம் இருந்தது மண்டபத்தில்தான். தோட்டத் தொழிலாளர்களை இலங்கைக்கு அனுப்பும் முன் தங்கவைத்த முகாமில் இன்று இலங்கையிலிருந்து வந்த நம் ஜனம் அகதிகளாக இருக்கிறார்கள். போன வழியிலேயே திரும்பி வந்த கதை அது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நிற்பவர்களால் வந்த கஷ்டம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோடை விடுமுறை, சாயங்காலம். அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. இங்கே முதலுதவி செய்துவிட்டு ராமநாதபுரம் கொண்டுபோகச் சொன்னார்கள். தெரிந்தவர் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பாலத்தில் ஏறியதும் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் கார்களை நிறுத்திவிட்டு ஜனங்கள் கைப்பிடியில் நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் நேருக்கு நேர் வந்து ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் நின்றன. பின்னால் நகரவும் வழியில்லை. நான் இறங்கி ஓடினேன். ஒவ்வொரு கார் கண்ணாடியாகத் தட்டிச் சொன்னேன். சொன்ன உடனே எல்லாரும் பதறிப்போய் வண்டியை எடுத்தார்கள், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் முதல் கார் நகர்ந்தால்தானே இரண்டாவது நகரும். அந்தப் பதினைந்து நிமிஷம் அம்மாவின் கை என் தம்பியின் கைக்குள் இருந்தது. தீவிலிருந்து வெளியேற வேறு சாலை கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அம்மா பிழைத்துக்கொண்டார். எட்டு நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். அதிகாலை, பாலம் காலியாக இருந்தது. நடு உச்சிக்கு வந்ததும் அம்மா சொன்னார்: "கொஞ்சம் நிறுத்துடா. காத்து வாங்கிட்டுப் போவோம்."

நிறுத்தினேன். கதவைத் திறந்து வைத்து, சீட்டில் உட்கார்ந்தபடியே அம்மா கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே படகுகள் அணைந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு பாலத்தில் நிற்பவர்களை என்னால் குற்றவாளிகளாகப் பார்க்க முடியவில்லை. காவலர் விசில் ஊதுகிறார், ஜனம் நகர்கிறது, அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் அடுத்த கார் நிற்கிறது. நிறுத்தாதே என்று மட்டும் சொன்னால் போதாது, எங்கே நிறுத்துவது என்று காட்ட வேண்டும். தண்ணீரைத் தடுத்தால் அது வேறு வழி தேடும் என்று கடலோரத்து ஆளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

செய்யக்கூடியது

நான் கேட்பது பெரிதில்லை. பாலத்தின் பாம்பன் முனையில் இறங்கும் இடத்தில் கார், வேன் நிறுத்த இடமும் பத்துப் பூவரசு மரமும் உட்காரக் கல் பெஞ்சும் கழிப்பறையும் வேண்டும். அங்கே வண்டியை விட்டுவிட்டுப் பாலத்தின் நடைபாதையில் நடந்தே உச்சிக்குப் போகட்டும். நடக்கிறவர்களால் பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடைஞ்சல் வராது, அவசரத்துக்குப் போகிற வண்டியும் நிற்காது. இன்றைக்கு இருக்கிற நடைபாதை குறுகல். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் இது நடக்காது. வண்டி கீழே நின்றால் அந்த அண்ணன் கேட்ட டீயும் விற்கும். நுங்குக் காலத்தில் நுங்கும், தை மாசத்தில் பனங்கிழங்கும், காலையில் மீனும் விற்கும். குந்துகாலுக்கு ஆட்டோ ஓடும்.

இன்னொன்று, அந்தத் தூக்குப்பாலம். பழைய ரயில் பாலம் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் போகட்டும். துருப்பிடித்து ஒரு நாள் கால்வாயில் விழுவதற்கு அது மேல். ஆனால் அந்த ஒரு கண்ணை மட்டுமாவது கரைக்குக் கொண்டுவந்து, நான் சொல்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். 1964ஐத் தாண்டி நின்ற இரும்பு அது. எடைக்குப் போடுகிற சாமான் இல்லை.

கப்பல் வந்தால் அந்தக் கண்ணை மோட்டார் எதுவும் தூக்கவில்லை. ஆட்கள் வரிசையாக நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் திறந்தார்கள். வெயிலில் சட்டையைக் கழற்றிவிட்டு அவர்கள் சுற்றுவதை இந்தப் பாலத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு நடுவில் ஒரு கோடு விட்டுக் கடல் தெரியும். அப்படிச் சுற்றியவர்களில் சிலர் இன்றைக்கும் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எத்தனை சுற்றுக்கு எவ்வளவு திறக்கும், எந்தக் காற்றில் திறக்கக்கூடாது, எந்த மாசத்தில் எந்தப் பக்கம் தண்ணீர் இழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இரும்பைக் கழற்ற வருகிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து பேசினால் போதும்.